மிண்ட் பிரவுனியில் பற்பசை வாசனை ஏன்?

கேள்வி: அக்கா, மிண்ட் பிரவுனி செய்தேன். சாக்லேட் ருசியே தெரியவில்லை, பற்பசையைத் தின்ற மாதிரி இருந்தது. மாவில் ஒரு டீஸ்பூன் பெப்பர்மிண்ட் எசன்ஸ், மேலே பூசும் கிரீமில் இன்னொரு டீஸ்பூன் ஊற்றினேன். எங்கே தப்பு?

பதில்: வெனிலா எசன்ஸ் ஊற்றிப் பழகிய கை, பெப்பர்மிண்டையும் அதே அளவுக்கு ஊற்றிவிடும். அதுதான் தப்பு. வெனிலா ஒரு டீஸ்பூன் கூடினாலும் கேக் தாங்கிக்கொள்ளும், மிண்ட் தாங்காது. மாவில் சேர்க்கவே வேண்டாம். ஓவன் சூட்டில் அந்த வாசனையில் நல்ல பங்கு பறந்துவிடும். மிண்டின் இடம் கிரீம்தான்.

எட்டு அங்குலச் சதுர ட்ரேவுக்கு 115 கிராம் வெண்ணெய், 240 கிராம் ஐசிங் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் பால், ஒரு சிட்டிகை உப்பு. இதற்கு அரை டீஸ்பூன் எசன்ஸுக்கு மேல் போகாதீர்கள். பாட்டிலில் 'எண்ணெய்' என்று போட்டிருந்தால் அது எசன்ஸைவிடப் பல மடங்கு காரம். ஸ்பூனை எடுத்து வைத்துவிட்டு இரண்டு சொட்டோடு நிறுத்துங்கள்.

நான் முதலில் கால் டீஸ்பூன் மட்டும் கலப்பேன். பிரவுனியின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, அதன்மேல் கிரீமைத் தடவி வாயில் போடுவேன். கிரீமை மட்டும் ருசித்தால் கணக்கு தப்பிவிடும், ஏனென்றால் சாக்லேட் சேர்ந்ததும் மிண்ட் கொஞ்சம் அமுங்கும். விழுங்கியதும் முடிவுக்கு வராதீர்கள். மிண்டில் இருக்கும் மெந்தால் உண்மையில் நாக்கைக் குளிர வைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தக் குளிர்ச்சி கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும். ஒரு நிமிடம் பொறுத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். அப்புறமும் போதவில்லை என்றால் மீதியைச் சேருங்கள்.

கேள்வி: எசன்ஸுக்குப் பதில் புதினா இலையை அரைத்துச் சேர்க்கலாமா?

பதில்: அரைக்காதீர்கள், பச்சை வாடை வரும். நாம் சமையலுக்கு வாங்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மிண்ட் வகை. அதில் மெந்தால் மிகக் குறைவு, அதனால் அந்த ஜில்லென்ற உணர்வு கிடைக்காது. ஆனால் மணம் மென்மையாக, எனக்கு மிகவும் பிடித்த மாதிரி இருக்கும். 100 மில்லி ஃப்ரெஷ் கிரீமில் ஒரு கைப்பிடி இலையைக் கசக்கிப் போட்டு, ஓரத்தில் குமிழ் வந்ததும் அடுப்பை அணைத்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். வடிகட்டி மறுபடி சூடாக்கி, நறுக்கிய 150 கிராம் டார்க் சாக்லேட்டில் ஊற்றிக் கலக்கினால் மேல் பூச்சு தயார்.

கேள்வி: பிரவுனி கேக் மாதிரி பஞ்சாக வருகிறதே?

பதில்: பேக்கிங் பவுடரை விட்டுவிடுங்கள். 115 கிராம் வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, இரண்டு முட்டைக்கு மைதா 65 கிராம், கோகோ 50 கிராம் போதும். 175 டிகிரியில் 20 நிமிடம் ஆனதும் டூத்பிக் குத்திப் பாருங்கள். ஈரத் துகள் ஒட்டினால் எடுத்துவிடலாம். சுத்தமாக வந்தால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: பச்சை நிறம் கலந்த மிண்ட் கிரீம் உருகி வழிந்துவிட்டது. ஒரு மணி நேரம் ஆற வைத்துத்தான் பூசினேன்.

பதில்: எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது. பேத்தியின் பிறந்தநாள் அன்று, மேலே தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று பூசினேன். கிரீம் பிரவுனியின் வெடிப்புகளில் இறங்கி, ஓரமெல்லாம் எண்ணெய்க் கோடு. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு மனசே ஆறவில்லை. அன்றிலிருந்து ட்ரேயின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் பூசுவதில்லை. மேலே ஆறினாலும் அடியில் சூடு பதுங்கியிருக்கும்; வெண்ணெய் உருக அந்த வெதுவெதுப்பே போதும். இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

கேள்வி: வெட்டும்போது மேல் சாக்லேட் பாளம் பாளமாக உடைகிறது. கிரீமும் பிதுங்குகிறது.

பதில்: வெறும் சாக்லேட்டை உருக்கி ஊற்றியிருப்பீர்கள், அது ஓடு மாதிரி இறுகிவிடும். 150 கிராமுக்கு 60 கிராம் வெண்ணெய் சேர்த்து உருக்குங்கள், அல்லது மேலே சொன்ன ஃப்ரெஷ் கிரீம், சாக்லேட் கலவையை ஊற்றுங்கள். விரலில் சூடு தெரியாத பதத்தில் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் பச்சை அடுக்கு கலங்கிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்து இறுகியதும் வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, இழுக்காமல் நேராக அழுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி முக்கித் துடைக்க வேண்டும். சோம்பல்பட்டு ஒருமுறை விட்டீர்களானால், அடுத்த துண்டின் பச்சை அடுக்கில் சாக்லேட் இழுகியிருக்கும்.