வெள்ளிக்கிழமை சந்தையில் வாங்கும் ரேடியோ வீண் செலவா?

கேள்வி: எனக்கு 54 வயது. தாம்பரத்தில் இருக்கிறேன். பிடித்தம் போகச் சம்பளம் 42,000 ரூபாய். வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பழைய வால்வு ரேடியோக்களை வாங்கிவந்து பழுது பார்ப்பேன். போன வருடம் 11 பெட்டி வாங்கினேன், 4 பாடுகின்றன. உதிரிபாகத்தோடு சேர்த்து 12,000 ஆனது. 3,000 பெறுமான மர்ஃபி ரேடியோ 500 ரூபாய்க்குக் கிடைத்தது! ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரை மட்டும் கிரெடிட் கார்டில் வாங்கினேன். அதில் 18,000 பாக்கி, மாதம் 1,250 கட்டுகிறேன். வங்கிச் சேமிப்பில் 90,000 உண்டு. "கால் வைக்க இடமில்லை, எல்லாம் தண்டம்" என்கிறார் மனைவி. நண்பரோ இது நல்ல முதலீடு என்கிறார். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள். ஆண்டுக்கு 12,000 என்றால், சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு இரண்டரை ரூபாய்கூட இல்லை. ஒரு வாரம் முழுக்கக் குடைந்து, செத்துக் கிடந்த பெட்டியில் முதல் கரகரப்புக் கேட்கும்போது வரும் சந்தோஷத்துக்கு இது அதிக விலை இல்லை. இந்த வயதில் இப்படி ஒரு ஈடுபாடு இருப்பது, ஓய்வுக்குப் பிறகு வரும் நீண்ட பகல்களுக்கும் நல்லது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கார்டு பாக்கிதான். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 18,000-க்கு 630 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 740-ஐத் தாண்டும். (உங்கள் கார்டின் சரியான விகிதம் மாத அறிக்கையில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.) அதாவது நீங்கள் கட்டும் 1,250-இல் பாதிக்கு மேல் வட்டிக்கே போகிறது. மறுபக்கம், 90,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குத் தூங்குகிறது. இன்றைக்கே அதிலிருந்து 18,000 எடுத்து பாக்கியை முழுதாக அடைத்துவிடுங்கள். அப்புறம், கார்டுக்குக் கட்டிவந்த 1,250-ஐ மாதாமாதம் சேமிப்பில் போடுங்கள். ஒரு வருடத்தில் 15,000 திரும்பிவிடும்.

மீதி 3,000? அதற்கு ஒரு சவால் சொல்கிறேன். அடுத்த மூன்று மாதம் சந்தையில் எதுவும் வாங்காதீர்கள். அந்த மாதச் செலவு ஆயிரத்தை அப்படியே சேமிப்புக்கு அனுப்புங்கள். வேலைக்கு ஆள் இல்லாமல் ஏழு பெட்டிகள் வீட்டிலேயே காத்திருக்கின்றனவே! ஒன்றின் ஸ்பீக்கரும் இன்னொன்றின் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து மூன்றாவதைப் பாட வைக்கலாம். உதிரிபாகம் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகாமல், கையில் இருப்பதை வைத்தே எத்தனை தேறுகிறது என்று பாருங்கள். உங்கள் மனைவி சொன்னதையும் நான் இரண்டு முறை படித்தேன். அவருக்குப் பணத்தைவிட இடம்தான் பெரிய குறையாக இருக்கும் என்று தோன்றுகிறது. அவரிடமே கேளுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும், ஒரு பெட்டி பாடினால்தான் அடுத்த பெட்டி வாசல்படி ஏறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மர்ஃபி கிடைத்தது அதிர்ஷ்டம்தான், எனக்கும் சந்தோஷம். ஆனால் "2,500 லாபம்" என்று மனதில் வரவு எழுதாதீர்கள். கையிலிருந்து 500 போயிருக்கிறது, அவ்வளவுதான். மலிவாகக் கிடைத்ததை வருமானமாக எண்ணத் தொடங்கினால், அடுத்த வாரம் அந்த 'லாபத்தில்' இன்னொன்று வாங்கத் தோன்றும். சந்தைக்குப் போகும்போது அன்றைய பணத்தை ரொக்கமாக மட்டும் கொண்டுபோங்கள். கார்டும் ஜிபேயும் வேண்டாம். வாங்காமல் திரும்பிய வாரத்துப் பணம் அடுத்த வாரத்தோடு சேரட்டும்.

நண்பர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். தங்கத்துக்கு இருப்பதுபோல் பழைய ரேடியோவுக்கு அன்றாட விலை கிடையாது, அவசரத்துக்கு விற்க ஆளும் கிடைக்காது. ஓய்வுக்கால நிதியில் இதை ஒரு ரூபாய்க்குக்கூடச் சேர்க்காதீர்கள். 1924-இல் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பே ஆர்வலர்களின் முயற்சிதான். ஆர்வத்துக்குக் குறைவில்லை, பணம்தான் இல்லை. 1927-இல் மூட வேண்டியதாயிற்று. பிறகு மாநகராட்சி கிளப்பின் ஒலிபரப்புக் கருவியைப் பெற்று, 1930-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. உங்களுக்கு அந்த நிலை வராது. சம்பளம் வருகிறது, செலவும் அளவோடு இருக்கிறது.

இன்னொன்று. வால்வு ரேடியோவுக்குள் 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான், 2 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு கிடைக்கும். 70 வயது வரை சேரலாம். கணக்கு இருக்கும் வங்கியில் இந்த வாரமே கேளுங்கள். அதோடு, வீட்டில் யாராவது இருக்கும்போது மட்டும் பெட்டியைத் திறங்கள்.

ஏழில் எதை முதலில் எடுப்பது என்பதை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும். எத்தனை பாடின என்று மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.