ஒரே கட்சி, ஒரே நகரம்: 2016-இல் ஸ்காட் வீனருக்கும் ஜேன் கிம்முக்கும் கொள்கையில் என்ன வித்தியாசம்?

இருவருமே ஜனநாயகக் கட்சி, இருவருமே அப்போது சான் பிரான்சிஸ்கோ மேற்பார்வையாளர் குழு (அந்நகரின் மன்றம்) உறுப்பினர்கள். அப்புறம் எப்படி 2016 மாநில செனட் தேர்தலில் எதிரெதிரே நின்றார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் முதல் சுற்றில் முன்னிலை பெறும் இருவர், எந்தக் கட்சியாக இருந்தாலும், நவம்பரில் மோதுவார்கள். அப்படித்தான் 11-ஆம் தொகுதி மாநில செனட் போட்டி அமைந்தது.

உண்மையான சண்டை வீட்டு வாடகையைப் பற்றியது. வீடுகள் போதாததால்தான் வாடகை ஏறுகிறது, அதனால் நிறையக் கட்ட வேண்டும், அனுமதி தரும் நடைமுறையைச் சுருக்க வேண்டும் என்பது வீனரின் வாதம். கட்டுவது இருக்கட்டும், அதில் எளியவர்களுக்கு எத்தனை வீடு என்பது கிம்மின் கேள்வி. நகரின் கடலோரத்தில் அமையவிருந்த மிஷன் ராக் கட்டுமானத் திட்டத்தில் 40 சதவீதம் குறைந்த விலை வீடுகளுக்காக அவர் பேரம் பேசினார். ஆடம்பரச் சொத்து விற்பனைக்கு வரியைக் கூட்டி, நகரக் கல்லூரியை இலவசமாக்கவும் முனைந்தார். அந்த ஆண்டு அதிபர் வேட்பாளராக முயன்ற இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஆதரித்தது அவரைத்தான்.

வீனரை வெறும் பில்டர்களின் ஆள் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறு வாரம் முழுச் சம்பளத்துடன் பெற்றோர் விடுப்பு தரும் நகரச் சட்டத்தை அந்த ஆண்டு கொண்டுவந்தவர் அவரே.

முதல் சுற்றில் கிம் சற்றே முந்தினார், நவம்பரில் வீனர் வென்றார். வீடு கட்டும் இலக்கை எட்டாத நகரங்களில் அனுமதியை விரைவுபடுத்தும் அவரது சட்டம் 2017-லேயே வந்துவிட்டது. ரயில் நிலையங்களை ஒட்டி உயரமான குடியிருப்புகளை அனுமதிக்கும் மசோதாவோ 2018-இல் மாநில செனட்டின் குழு நிலையிலேயே தோற்றது. அதே நோக்கமுள்ள சட்டம் 2025-இல்தான் கையெழுத்தானது.