இ-சேவை கவுண்டரிலிருந்து: கேள்வி பதில்

கிராமத்தில் அப்பா பெயரில் வீட்டுமனை இருக்கிறது. அரசு இணையதளத்தில் பட்டா தேடினால் ஒன்றும் வரவில்லை. பக்கத்துக் கடையில் ‘எடுத்துத் தருகிறேன், 300 ரூபாய்’ என்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, மன்னார்குடி

கொடுக்காதீர்கள் அம்மா. பட்டா பார்க்கக் கட்டணமே கிடையாது. பிரிண்ட் எடுத்த பேப்பருக்குக் காசு கேட்டால் கொடுங்கள், அது நியாயம்.

நீங்கள் ‘ஊரகம்’ என்று கொடுத்துத் தேடியிருப்பீர்கள். வயலும் தோப்பும்தான் அதில் வரும். ஊருக்குள் வீடு கட்டிக் குடியிருக்கும் இடம் பெரும்பாலும் நத்தம். அதற்குத் தனியாக ‘நத்தம்’ என்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதை அழுத்திவிட்டு வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்துப் பாருங்கள். என் கவுண்டருக்கு ‘பட்டாவே இல்லையாம்’ என்று அழாத குறையாக வருகிறவர்களில் பலருக்கு இந்த ஒரு அழுத்தலில் வேலை முடிந்துவிடும். பத்திரத்தில் பழைய எண் மட்டும் இருந்தால் வி.ஏ.ஓ.விடம் இப்போதைய எண்ணைக் கேளுங்கள். அதற்கும் வராவிட்டால் வட்டாட்சியர் அலுவலகம்தான்.

‘சீல் இல்லாத பேப்பரை யார் நம்புவார்கள்?’ என்று அடுத்து கேட்பீர்கள். பட்டா நகலின் அடியில் ஒரு குறிப்பு எண் அச்சாகியிருக்கும். அதை அதே தளத்தில் அடித்து, வாங்குகிறவரோ வங்கிக்காரரோ சரிபார்த்துக்கொள்ளலாம். சீலைவிட அது உறுதி.

மகனின் வருமானச் சான்றுக்குப் போனால், ஓடிபி யாரோ ஒருவர் போனுக்குப் போகிறது. என்ன செய்வது?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

முதல்முறை உங்களுக்குக் கேன் எண் (CAN, இ-சேவையில் விண்ணப்பிக்க ஒவ்வொருவருக்கும் போடும் பதிவு எண்) போட்டவர், அவசரத்தில் தன் போன் நம்பரையே அடித்திருப்பார். எங்கள் தொழிலில் இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. கேன் விவரங்களைத் திருத்த முடியும். ஆதார் அட்டையையும், ஆதாரோடு இணைத்த போனையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

போனது போனீர்கள், திரையில் தமிழ்ப் பெயரையும் ஒருதரம் படித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் அடித்ததைக் கணினி தானாகத் தமிழாக்கும்போது கண்ணன் கன்னனாகிவிடுவார். சான்று கைக்கு வந்தபின் திருத்த அலைவதைவிட, சமர்ப்பிக்கும் முன் ‘னகரத்தை ணகரமா மாத்துங்க தம்பி’ என்று சொல்வது சுலபம். எங்களுக்குக் கோபம் வராது. வந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

‘தமிழ்’ என்று அழுத்திய பிறகும் சில அரசுத் தளங்களில் பாதி ஆங்கிலமாகவே இருக்கிறதே?
- வாசகர், தஞ்சாவூர்

அந்தப் பொத்தான் தலைப்புகளைத்தான் மாற்றும். உள்ளே இருக்கும் பதிவு, அதை ஏற்றியவர் எந்த மொழியில் அடித்தாரோ அந்த மொழியில்தான் நிற்கும். பட்டா முழுக்கத் தமிழில் வருகிறதென்றால், கிராமக் கணக்கு காகிதத்தில் இருந்த காலத்திலேயே தமிழில் எழுதப்பட்டதுதான் காரணம். கணினிக்கு வந்தபோதும் அப்படியே வந்தது. மற்றத் துறைகளில் பதிவே ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் பொத்தான் என்ன செய்யும்?

சென்னையில் மகள் வீட்டுத் தெருவிளக்கு எரியவில்லை. செயலி எதுவும் எனக்குப் புரியவில்லை.
- வாசகி, கும்பகோணம்

செயலியை விடுங்கள். மாநகராட்சியின் 1913-க்கு மகளைப் போன் செய்யச் சொல்லுங்கள். தமிழில் பேசலாம். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்க வேண்டாம்.