டிரைவர் வாங்குமுன் பந்து எங்கே படுகிறது என்று பாருங்கள்

கேள்வி: நுவரெலியாவுக்குக் கிட்டத் தோட்டமொன்றில் சின்னதுரையாக வேலை செய்கிறேன். ஒரு வருடமாகக் கோல்ப் பழகுகிறேன். மற்ற ஸ்டிக் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. டிரைவரை, அதாவது முதல் அடிக்குப் பந்தைத் தூரமாக அனுப்புகிற நீள ஸ்டிக்கை, எடுத்தால் மட்டும் பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. கிளப்பில் ஒரு சீனியர் தன்னுடைய 9 பாகை, ஸ்டிஃப் ஷாஃப்ட் (விறைப்பான தண்டு) டிரைவரை விற்கிறார். "இளந்தாரிக்கு இதுதான் சரி" என்கிறார். வாங்கவா அண்ணே?

பதில்: வேண்டாம் தம்பி. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. அவருடைய கைக்கு அது நன்றாகவே வேலை செய்திருக்கும். உங்கள் கைக்கு அது இருக்கிற வருத்தத்தைக் கூட்டும்.

பந்து வலப்பக்கம் வளைவதற்குக் காரணம், அடிக்கிற நொடியில் ஸ்டிக்கின் முகம் (பந்தில் படும் பக்கம்) அது போகும் பாதையை விட வலப்பக்கம் திறந்திருப்பது. இடக்கைக்காரருக்கு இது அப்படியே மறுபக்கம். லொஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, குறையக் குறைய இந்தத் தவறு பெரிதாகத் தெரியும். சாய்வு கூடினால் பந்து பின்னோக்கிச் சுழல்வது கூடும், பக்கவாட்டு வளைவு அதற்குள் அடங்கிப்போகும். அதனால்தான் 9 பாகையில் மரத்துக்குள் போகிற அதே அடி 11 பாகையில் புல்லோரத்தில் நின்றுவிடலாம். உங்களுக்கு 10.5க்கும் 12க்கும் இடையில் ஏதாவது ஒன்று போதும். சாய்வு கூடினால் தூரம் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். நடுத்தர வேகத்தில் அடிப்பவருக்குப் பெரும்பாலும் தூரம் கூடத்தான் செய்யும், பந்து கொஞ்ச நேரம் கூடுதலாகக் காற்றில் நிற்பதால்.

காசு கொடுக்க முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். கந்தோரில் வைட்போர்ட் மார்க்கர் இருக்குமே, அதை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போங்கள். பந்தில் ஒரு காசு அளவுக்கு மை தடவி, அந்தப் பக்கம் ஸ்டிக்கைப் பார்க்கும்படி டீயில் (பந்தை நிறுத்தும் சிறு முளையில்) வையுங்கள். அடித்ததும் முகத்தில் புள்ளி விழும். பார்த்துவிட்டுத் துணியால் துடைத்துவிட்டு அடுத்ததை அடியுங்கள். பத்துப் பந்துக்குள் கதை தெரிந்துவிடும். புள்ளிகள் ஷாஃப்ட் பக்கமாகவே விழுந்தால் பந்து வளைவதில் ஒரு பங்கு அதற்குத்தான், முகம் திறந்திருப்பது மீதி. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறினால் ஸ்டிக் உங்களுக்கு நீளமாக இருக்கலாம். கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே பிடித்து இன்னொரு பத்து அடியுங்கள். புள்ளிகள் நடுவில் கூடினால், வாங்கும்போது 45 அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள். இப்போது கடையில் வருபவை பெரும்பாலும் அதற்கும் மேல். நீளம் கூடினால் விளம்பரத்தில் தூரம் கூடும், முகத்தின் நடுவில் படுவது குறையும்.

அடுத்தது ஷாஃப்ட். சீனியர், ரெகுலர், ஸ்டிஃப் என்று வரிசையாக விறைப்புக் கூடும், வேகமாக அடிப்பவருக்கே ஸ்டிஃப். இங்கேதான் நுவரெலியாக்காரர் பலர் ஏமாறுகிறார்கள். ஆறாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிவு, பந்து ஆறு ஏழு வீதம் கூடப் பறக்கும். இங்கே விழும்வரை 200 யார் பறக்கிற அடி, கொழும்பில் 190ஐ எட்டினால் பெரிய விஷயம். அந்த 200ஐ நம்பித்தான் "நான் வேகமாக அடிக்கிறவன்" என்று ஸ்டிஃப் வாங்கிவிடுகிறார்கள். தூரத்திலிருந்து இந்த வீதத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். கழித்த பிறகு 180க்குக் கீழே என்றால் சீனியர் ஷாஃப்ட், 180இலிருந்து 210 வரை ரெகுலர், அதற்கு மேல் ஸ்டிஃப் என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம். உத்தேசம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பெயர்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பனியின் ரெகுலர் இன்னொரு கம்பனியின் ஸ்டிஃப் மாதிரி இருக்கும். அதனால் அடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

உருண்டு போகிற தூரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழை பெய்து ஊறிய புல்லில் பந்து விழுந்த இடத்திலேயே குத்திக்கொண்டு நிற்கும். நமக்கு வேண்டியது காற்றில் போகிற தூரம், அதற்கும் லொஃப்ட்தான் துணை.

தலைப் பகுதியில் காசைக் கொட்டாதீர்கள். அதன் பருமன் 460 கன சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கும் எல்லை இருக்கிறது. எல்லாக் கம்பனிகளும் அந்த எல்லையில்தான் பல வருடங்களாக நிற்கின்றன. ஐந்து வருடப் பழைய செகண்ட் ஹேண்ட் டிரைவரால் உங்களுக்கு நட்டம் ஒன்றும் வராது. தலையும் ஷாஃப்டும் சேரும் கழுத்தில் லொஃப்ட் மாற்றுகிற வசதி இருந்தால் நல்லது, அதன் சாவியையும் கேட்டு வாங்குங்கள். மிச்சக் காசுக்குப் பயிற்றுநரிடம் நாலு வகுப்பு போங்கள். அதுவரைக்கும் நுவரெலியாவின் ஒடுங்கிய ஹோல்களில் (ஆடும் பாதைகளில்) மூன்றாம் நம்பர் வுட்டை, அதாவது டிரைவரை விடக் குட்டையான ஸ்டிக்கை, எடுத்து ஆடுவதில் ஒரு வெட்கமும் இல்லை. ஸ்டிக் பையைச் சுமந்து வருகிற உங்கள் கெடியைக் கேளுங்கள், அவரும் அதைத்தான் சொல்வார்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது 66, திகனவில் இருக்கிறேன். விக்டோரியா மைதானத்தில் கிழமைக்கு ஒருமுறை விளையாடுகிறேன். டொரன்டோவில் இருக்கும் மகன் தான் அடிக்கிற அதே டிரைவரைப் பரிசாக அனுப்பப் போகிறானாம். என் பந்து ஆளுயரத்துக்கு மேல் எழும்புவதே இல்லை. அவனிடம் என்ன சொல்ல?

பதில்: ஐயா, மகனின் மனது கோணாமல் சொல்லிவிடுங்கள்: தலை எந்தக் கம்பனியானாலும் பரவாயில்லை, ஷாஃப்ட் அவனுடையது வேண்டாம். முப்பது வயதுக்காரரின் ஷாஃப்ட் 60 கிராமுக்கு மேல் இருக்கலாம். உங்களுக்கு 50 கிராம் அல்லது அதற்கும் குறைவு, சீனியர் வகை. லொஃப்ட் 12 பாகை. "மன்னிப்புக் கூடின" தலை என்று கடையில் கேட்கச் சொல்லுங்கள், நடுவில் படாத அடியும் அதிகம் திரும்பாமல் போகும். கடைக்குப் போகும்போது உங்கள் ஆட்டத்தைப் பக்கவாட்டில் எடுத்த ஒரு வீடியோவை அவன் போனில் வைத்திருக்கட்டும், கடைக்காரருக்கு அது பெரிய உதவி.

பரிசு வரும்வரை டீயைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். பந்தின் பாதி, ஸ்டிக்கின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். முகத்தின் கீழ்ப்பாகத்தில் படுகிற பந்து எழும்பவே எழும்பாது.

கேள்வி: பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். நான் லேடீஸ் டிரைவர்தான் வாங்க வேண்டுமா? பள்ளியில் ஈட்டி எறிந்தவள் நான்.

பதில்: வேண்டியதில்லை தங்கச்சி. 'லேடீஸ்' என்று எழுதியிருப்பது மெல்லிய, வளைகிற, நீளம் குறைந்த ஷாஃப்டைக் குறிக்கிறது, ஆளை இல்லை. உங்கள் வேகத்துக்கு அது துவண்டு போகலாம். சீனியர், ரெகுலர் இரண்டையும் அடித்துப் பாருங்கள். உயரம் குறைவு என்றால் நீளத்தை மட்டும் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் வெட்டினால் தலை இலேசாகத் தெரியும். திறமான ஆளிடம் கொடுத்து எடையைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய பங்களா அலமாரியில் மரத்தலை டிரைவர் ஒன்று கிடைத்தது. விளையாடலாமா?

பதில்: ஆசைக்கு ஒரு நாள் அடிக்கலாம். நுவரெலியா கிளப் 1889இல் தொடங்கியது, வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன இப்படிப்பட்ட ஸ்டிக் இன்னும் எத்தனை பங்களாக்களில் கிடக்கிறதோ! உலோகத்தலை வுட் 1979இல் கடைக்கு வந்த பிறகு மரம் மெல்ல மெல்ல ஓய்வெடுத்துவிட்டது. நடுப்புள்ளி அதில் மிகச் சிறியது, பழகுகிறவருக்கு உதவாது. கழுத்தில் சுற்றிய நூல் அவிழ்ந்திருந்தால் அடிக்கவே வேண்டாம், தலை கழன்று பறக்கும்.

கேள்வி: பேஸ்புக்கில் இந்த வருட மொடல் டிரைவர், பெட்டி பிரிக்காதது, பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். முழுக் காசையும் முன்கூட்டியே வங்கியில் போடச் சொல்கிறார்கள். நம்பலாமா? (ஹட்டன்)

பதில்: காசைப் போட வேண்டாம். கோல்ப் ஸ்டிக்கில் போலி தாராளமாகப் புழங்குகிறது, டிரைவரில் இன்னும் கூட.

முதலில் கழுத்தில் பொறித்திருக்கும் தொடர் இலக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கம்பனிக்கு மின்னஞ்சலில் அனுப்பிக் கேட்கலாம். பிங் போன்ற கம்பனிகள் அந்த இலக்கத்தை வைத்து, எந்த ஷாஃப்டோடு வெளியே போனது என்பது வரை சொல்லிவிடும். நேரில் பார்க்கக் கிடைத்தால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். நல்ல டிரைவரின் முகம் பெரும்பாலும் டைட்டேனியம், சிலவற்றில் காபன். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. முகத்தில் பச்சென்று பிடித்தால் உள்ளே இரும்பு. அடியில் இருக்கும் எடைத் திருகில் ஒட்டினால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னும் இரண்டு பார்வை. காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே ஏதோ கழன்று உருளும் சத்தம் கேட்டால் விலையைக் குறைக்கலாம். முகத்தில் ஓர் அடிமட்டத்தை வையுங்கள். முகம் இயல்பாகவே சற்றுப் புடைத்தது, அடிமட்டம் ஊஞ்சலாடும். ஆடாமல் தட்டையாக உட்கார்ந்தால் முகம் உள்வாங்கிவிட்டது, தொட வேண்டாம்.

கடையில் வாங்கினால் மொடல், லொஃப்ட், ஷாஃப்ட் எல்லாம் எழுதிய பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. சொன்ன பொருள் ஒன்று, வந்தது வேறு என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்துமூல முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். பேஸ்புக் ஆளிடம் பற்றுச்சீட்டும் இல்லை, முகவரியும் இல்லை என்றால் முறைப்பாட்டில் யாருடைய பெயரை எழுதுவீர்கள்? ஹட்டனிலிருந்து நுவரெலியா தூரமில்லை. ஒரு சனிக்கிழமை கிளப் பக்கம் போய்க் கெடிமாரிடம் விசாரியுங்கள், யாருடைய பையில் எந்த டிரைவர் சும்மா கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.