பாடப் பழகும் குஞ்சும் கன்னாபினாய்டும்: கேள்வி பதில்

கன்னாபினாய்டு (கஞ்சாவில் உள்ள பொருள்களும் அவற்றைப் போன்ற செயற்கைப் பொருள்களும்) இளம் மூளையின் கற்றலை என்ன செய்யும் என்று ஆராய, எலி இருக்கும்போது பறவை எதற்கு?

எலி பாட்டு கற்காது. ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சிறு பாட்டுப்பறவையின் ஆண் குஞ்சு அப்பன் பாடுவதைக் கேட்டு மனதில் வாங்கிக்கொள்ளும். பிறகு மழலைபோல உளறும். தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தும். ஏறத்தாழ 90 நாளில் பாட்டு உறைந்துவிடும். அப்புறம் காலம் முழுக்க அதே பாட்டுதான். கற்றலில் எது கெட்டது என்று ஒலிப்பதிவை வைத்தே அளக்கலாம்.

பெண் குஞ்சு?

இந்த இனத்தில் பெண் பாடாது.

கற்கும் குஞ்சுக்குக் கன்னாபினாய்டு கொடுத்தால் என்னதான் ஆகும்?

2003-இல் சோடர்ஸ்ட்ராமும் ஜான்சனும் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். வின் 55,212-2 என்ற செயற்கைக் கன்னாபினாய்டைக் கற்கும் வயதில் தினமும் கொடுத்தார்கள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து பாடியபோது பாட்டில் ஒலி வகைகள் குறைந்திருந்தன. ஒருமுறை பாடியதுபோல மறுமுறை பாடவில்லை. பாட்டைக் கற்று முடித்த பறவைகளுக்கும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் பாட்டு குலையவில்லை. ஆக, எந்த வயதில் என்பதுதான் கேள்வி.

பாட்டுக்கான மூளை மையங்களில் சிபி1 ஏற்பிகள், அதாவது கன்னாபினாய்டு வந்து ஒட்டும் புரதங்கள், நிறைய உண்டு. 2011-இல் கில்பர்ட்டும் சோடர்ஸ்ட்ராமும் அங்கே நரம்பணுக் கிளைகளில் உள்ள சிறு முட்களை எண்ணினார்கள். மற்ற நரம்பணுக்கள் வந்து இணையும் இடங்கள் இவை. இளமையில் மருந்து பெற்ற பறவைகளுக்கு, வளர்ந்த பிறகும் ஹெச்விசி (HVC), எக்ஸ் பகுதி என்ற இரண்டு பாட்டு மையங்களிலும் முட்கள் கூடுதலாகவே இருந்தன. கூடினால் நல்லதுதானே என்காதீர்கள். களை பறிக்காத வயலைப் பார்த்திருப்பீர்கள். நீங்கவேண்டிய இணைப்புகள் நீங்காமல் தங்கிவிட்டன என்பது என் வாசிப்பு.

என் கிளிக்குச் சணல் வகை கஞ்சா விதை போடலாமா?

விதைக்குள் போதைப்பொருள் கிட்டத்தட்ட இல்லை. கொழுப்பு அதிகம், அளவாகப் போடுங்கள். இந்த ஆய்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வின் வேறு, கஞ்சா வேறு. பறவைக்குப் பெருமூளைப் புறணியும் (மூளையின் மேலடுக்கு) கிடையாது. இதை வைத்து என்ன நிரூபிக்க முடியும்?

முதல் பாதி நியாயம். கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி, சிபி1 ஏற்பியை அரைகுறையாகத் தூண்டும். வின் முழுமையாகத் தூண்டும். பொடியனுக்குப் பதில் பயில்வானை இறக்கிய கதை. 'கஞ்சா பாட்டைக் கெடுத்தது' என்று தலைப்புப் போடுகிறவர்களை நானும் திட்டுவேன்.

இரண்டாம் பாதி பழைய பஞ்சாங்கம். பறவை மூளையின் பெரும்பகுதி வெறும் அடித்தள முடிச்சு (மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுக் கூட்டம்) என்று நினைத்துப் பெயர் வைத்த காலம் ஒன்று உண்டு. 2004-இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். ஆறடுக்குப் புறணி இல்லை, சரி. அதே வேலையைச் செய்யும் பகுதி உண்டு. மேலும், எக்ஸ் பகுதி உண்மையிலேயே அடித்தள முடிச்சைச் சேர்ந்தது. பழகிப் பழகித் திறமை படியும் இடம். நமக்கும் அப்படி ஒன்று இருக்கிறது.

அடுக்கு இல்லையென்றால் அது புறணியே அல்ல!

பெயருக்காகச் சண்டை வேண்டாம். ஹெச்விசி என்ற மூன்றெழுத்துக்கு விரிவாக்கமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பறவை பாடிக்கொண்டுதான் இருக்கிறது.

சிபிடி நல்லது செய்யுமாமே?

அது கஞ்சாவிலேயே உள்ள வேறு பொருள். ஹெச்விசியில் சிறு காயம் ஏற்படுத்தப்பட்ட, வளர்ந்த பறவைகளின் பாட்டு மீள அது உதவியதாக 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டு வீட்டுப் பறவைக்குச் சிபிடி எண்ணெய் ஊற்றாதீர்கள்.

என் மகனுக்கு 16 வயது. அவனுக்கும் இதேதானா?

பறவையின் நாளை மனிதனின் ஆண்டாக மாற்ற வாய்ப்பாடு கிடையாது. அவனைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கூண்டு இருக்கும் அறையில் புகைக்கலாமா?

கூடாது. எந்தப் புகையும் கூடாது. பறவையின் மூச்சு மண்டலம் நம்முடையதைவிட மென்மையானது.

என் லவ்பேர்ட்ஸுக்கு அந்த விதை...

மேலே பாருங்கள். எண்ணெயும் வேண்டாம்.