ஓடும் ரயிலில் குழந்தையைக் காணோமா?

கேள்வி: இரவு ரயிலில் கண் விழித்தால் பக்கத்தில் படுத்திருந்த குழந்தை இல்லை. உடனே செயினை இழுத்துவிடலாமா?
– வாசகி, கரூர்

பதில்: வண்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிளாட்பாரத்தை விட்டு இப்போதுதான் நகர்கிறது, குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு இறங்கியது தெரிகிறது என்றால் யோசிக்காமல் இழுங்கள். தக்க காரணமில்லாமல் இழுப்பவர்களுக்குத்தான் ரயில்வே சட்டத்தின் 141ஆவது பிரிவில் தண்டனை.

வண்டி வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம். அதிலிருந்து யாராலும் இறங்க முடியாது. நடுவழியில் நிறுத்தினால், தூக்கியவன் இருட்டில் இறங்கிப் போக நீங்களே வழிவிட்ட மாதிரி.

அடுத்த ஸ்டேஷன் வரும்வரைதான் அவகாசம். ஒருவர் ரயில்வே உதவி எண் 139ஐ அழைத்து, மொழியைத் தேர்ந்தெடுத்தபின் 1ஐ அழுத்தட்டும். ரயில் எண், பெட்டி, பெர்த், கடைசியாகப் பார்த்த நேரம், உடையின் நிறம் இவற்றைச் சொன்னால் போதும், அழுகை அப்புறம். இன்னொருவர் டிக்கெட் பரிசோதகரை (டிடிஇ) தேடிப் போகட்டும். மற்றவர்கள் பெட்டியின் இரு முனைகளிலும் உள்ள கழிவறைகளைத் தட்டட்டும், மேல் பெர்த் போர்வைகளுக்குள்ளும் பார்க்கட்டும். பக்கத்துப் பெட்டிகளில் உங்கள் பெர்த் எண்ணையும் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் கழிவறைக்குப் போன பிள்ளை, எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருப்பதால், அங்கே போய்ப் படுத்திருக்கலாம்.

வண்டி மெதுவாகும்போது ஒவ்வொரு கதவிலும் ஒரு ஆள் நிற்க வேண்டும். பிளாட்பாரம் இல்லாத பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். தண்டவாளத்தில் குதித்து நழுவ அதுதான் தோது. குடும்பத்தோடு மொத்தமாக இறங்கிவிடாதீர்கள். ஒருவர் வண்டியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: "எங்கள் எல்லையில் நடக்கவில்லை, 24 மணி நேரம் பாருங்கள்" என்கிறது போலீஸ். என்ன செய்வது?
– வாசகர், விருதுநகர்

பதில்: இரண்டும் செல்லாது. காணாமல் போன குழந்தை கடத்தப்பட்டதாகவே கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்பதை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சட்டமாகவே வைத்திருக்கிறது. ரயிலிலேயே டிடிஇயிடமோ கார்டிடமோ (இப்போது ரயில் மேலாளர்) எஃப்ஐஆர் படிவம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) தேட உதவும். வழக்குப் பதிவது மாநில ரயில்வே போலீஸ். வண்டி நின்ற ஸ்டேஷன்களையும் நேரங்களையும் குறிப்பிட்டு, கேமரா பதிவுகளை எடுத்து வைக்கச் சொல்லி அந்தப் புகாரிலேயே எழுதுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கிளம்பும்முன் என்ன செய்து வைக்கலாம்?
– வாசகி, தென்காசி

பதில்: வண்டி ஏறும்முன், போட்டிருக்கும் உடையோடும் செருப்போடும் ஒரு முழு உருவப் படம். பழைய பிறந்தநாள் படம் தேடுபவர்களுக்கு உதவாது. உங்கள் செல் எண்ணைப் பிள்ளையின் சட்டைப் பையில் வையுங்கள். பிள்ளையின் பெயரை வெளியே தெரியும்படி எழுதாதீர்கள், அதைப் படித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிப் போய்விடும். கதவை ஒட்டிய பெர்த் வேண்டாம். வெறுமனே அழுதால் அடம்பிடிக்கும் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். "இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது!" என்று கத்தச் சொல்லிக் கொடுங்கள், வீட்டிலேயே இரண்டு மூன்று தடவை கத்த வைத்துப் பாருங்கள்.