லூசியானாவின் விலை: 6 கோடியா, 8 கோடியா, ஒன்றரைக் கோடியா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 1803-இல் பிரான்சிடம் லூசியானாவை (மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரிந்த பெரும் நிலப்பரப்பு) அமெரிக்கா வாங்கிய விலை ஒரு புத்தகத்தில் 1.5 கோடி டாலர், இன்னொன்றில் 1.125 கோடி டாலர். சிலவற்றில் 6 கோடி பிராங்க், 8 கோடி பிராங்க் என்றும் இருக்கிறது. எது சரி? புதிதாகப் பிறந்த நாட்டுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

பதில்: நான்குமே சரியான எண்கள்தான். ஒரே பேரத்தின் வெவ்வேறு வரிகளை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பாரிசில் கையெழுத்தானவை மூன்று ஆவணங்கள். முதலாவது நிலத்தைக் கைமாற்றும் உடன்படிக்கை. அதில் தொகையே கிடையாது. இரண்டாவதில் பிரான்சுக்குத் தர வேண்டிய 6 கோடி பிராங்க். மூன்றாவது, அமெரிக்க வணிகர்களுக்கு பிரான்ஸ் வைத்திருந்த பழைய பாக்கி பற்றியது. 1800 செப்டம்பர் 30-க்கு முந்தைய அந்தப் பாக்கியை, 2 கோடி பிராங்க் வரை, அமெரிக்கக் கருவூலமே தன் குடிமக்களுக்குக் கொடுத்துத் தீர்க்கும் என்று முடிவானது. இரண்டும் சேர்ந்தால் 8 கோடி.

டாலர் கணக்கும் இதேதான். ஒரு டாலருக்கு 5.3333 பிராங்க் என்று ஆவணத்திலேயே விகிதம் குறித்துவிட்டார்கள். 6 கோடியை அதால் வகுத்தால் 1,12,50,000 டாலர். 2 கோடியை வகுத்தால் 37,50,000. கூட்டினால் 1.5 கோடி. “விலை என்ன” என்று மட்டும் கேட்டால் 1.5 கோடி டாலர் என்று எழுதுங்கள். “பிரான்சுக்குப் போனது எவ்வளவு” என்றால் 1.125 கோடி.

அந்த 1.125 கோடியும் ரொக்கமாகப் போகவில்லை. 6 சதவீத வட்டிக்கு அமெரிக்கா கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. வட்டி மட்டும் ஆண்டுக்கு 6,75,000 டாலர். அசலை 15 ஆண்டு கழித்துத்தான் கட்டத் தொடங்க வேண்டும், அதுவும் ஆண்டுக்குக் குறைந்தது 30 லட்சமாக. நெப்போலியனால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. பிரிட்டனோடு போர் வாசலுக்கு வந்துவிட்டது. லண்டனின் பேரிங் வங்கி நிறுவனமும் ஆம்ஸ்டர்டாமின் ஹோப் வங்கி நிறுவனமும் பத்திரங்களைத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ள, அவர் கைக்கு வந்தது சுமார் 5.2 கோடி பிராங்க். எதிரி நாட்டு வங்கி வழியாகவே போருக்குப் பணம் புரண்டது என்பதுதான் இதில் வேடிக்கை.

வாங்கப் போனவர்கள் தேடியதும் இவ்வளவு நிலத்தை அல்ல. மிசிசிப்பி ஆற்றின் வழியாக வரும் சரக்கை நியூ ஆர்லியன்சில் இறக்கி வைக்கும் உரிமை ஸ்பெயினுடனான 1795 உடன்படிக்கையில் கிடைத்திருந்தது. லூசியானா அப்போது இன்னும் ஸ்பெயினின் நிர்வாகத்தில்தான் இருந்தது. 1802 அக்டோபரில் அங்கிருந்த ஸ்பானிய அதிகாரி அதை நிறுத்தவே, மேற்கு விவசாயிகள் கொதித்தார்கள். அந்தத் துறைமுகத்தையும் புளோரிடாவையும் கேட்க அமெரிக்க அதிபர் ஜெபர்சன் மன்றோவைத் தூதராக அனுப்பினார். பாரிசில் ஏற்கெனவே தூதராக இருந்தவர் லிவிங்ஸ்டன். பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹைட்டியில் மஞ்சள் காய்ச்சலாலும் கிளர்ச்சியாலும் படையை இழந்திருந்த நெப்போலியனோ முழு லூசியானாவையும் விற்கத் தயாரானார். கேட்ட புளோரிடா மட்டும் கிடைக்கவில்லை.

விடைத்தாளில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, தேதிகள். உடன்படிக்கையின் தேதி 1803 ஏப்ரல் 30 (உண்மையில் கையெழுத்திட்டது மே 2-இல்). செனட் 24-க்கு 7 என்று ஏற்றது அக்டோபர் 20. நியூ ஆர்லியன்சில் கைமாறியது டிசம்பர் 20. இந்தத் தேதிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடுத்து, வரைபடத்தில் வடக்கே 49-ஆம் இணைகோட்டை எல்லையாகப் போட்டு 1803 என்று எழுதுவது. அது பிரிட்டனுடன் 1818-இல் பேசி முடிவானது. மேற்கெல்லை 1819-இல் ஸ்பெயினுடன் முடிவானது. 1803 ஆவணத்தில் எல்லை தெளிவாகவே இல்லை.

மூன்றாவது, ஏக்கர் 3 சென்ட் என்ற கணக்கு. சுமார் 53 கோடி ஏக்கருக்கு வகுத்தால் அது சரியாகவே வரும். ஆனால் அந்த நிலத்தின் பெரும்பகுதியில் வாழ்ந்தவர்கள் பழங்குடி மக்கள். பிரான்ஸ் விற்றது அவர்களிடமிருந்து நிலம் பெறுவதற்கான முன்னுரிமையைத்தான். அதற்கான ஒப்பந்தங்களும் போர்களும் அந்த 1.5 கோடியில் அடங்கவில்லை.